தேடல் சந்தை – 9: அரைப்புள்ளியில் உடைந்த யாழ்ப்பாணம்

ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணும் வழிகள் சென்ற வாரத்தோடு முடிந்தன. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கட்டும். இந்த வாரத்துக்கு வாக்களிக்கப்பட்டது மறுபக்கம்: அதே சொல்லுக்காக எத்தனை பக்கங்கள் முண்டியடிக்கின்றன என்பது.

சாவகச்சேரிப் பக்கம் ஒருவர் பனங்கட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருப்பநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டானில் ஊற்றி இறுகவிடுகிறார். ஓலையைப் பிரித்தால் கட்டியின் பக்கங்களில் பின்னலின் தடம் தெரியும். கடைப் பலகையில் எழுத அவருக்கு ஒரு சொல் போதும். இணையத்தில் கடை போடும்போதுதான் சிக்கல். கடலுக்கு அந்தப் பக்கம் அதே பொருளுக்குப் பெயர் கருப்பட்டி. இன்னும் சிலருக்குப் பனைவெல்லம். கருப்பட்டி என்று தேடுகிற கூட்டம் பெரிது. ஆனால் உடன்குடியில் தொடங்கி அந்தச் சொல்லை வைத்து விற்கிற கூட்டமும் பெரிது. பனங்கட்டி என்று தேடுகிறவர் குடாநாட்டுக்காரர், அல்லது குடாநாட்டை விட்டுப் போய் ஸ்காபரோவில் இருக்கிறவர். அவர்கள் தொகை சிறிது. ‘பனங்கட்டிக் குட்டான்’ என்று முழுதாக அடிக்கிறவர்கள் அதிலும் சிறிது. ஆனால் அப்படி அடிக்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர், வாங்க வந்தவர்.

இந்தக் கூட்டத்தையும் போட்டியையும் ஒரே எண்ணில் அடக்கப் பரவலாகப் பயன்பட்ட பழைய சூத்திரம் சுமந்திரா ராய் என்பவருடையது. பெயர் கீவேர்ட் எஃபெக்டிவ்னெஸ் இன்டெக்ஸ். தொழிலில் இருப்பவர்கள் கே.ஈ.ஐ. என்பார்கள். வேர்ட்ராக்கர் என்ற கருவி அதைத் தன் அட்டவணையில் ஒரு நிரலாகவே வைத்திருந்தது. கணக்கு எளிது: தேடுகிறவர் எண்ணிக்கையை வர்க்கமாக்கு, போட்டிப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகு.

ஏன் வர்க்கம்? ஒரு சொல்லை மாதம் 50 பேர் தேடுகிறார்கள், 500 பக்கங்கள் இருக்கின்றன. இன்னொன்றை 500 பேர் தேடுகிறார்கள், 5000 பக்கங்கள். வெறுமனே வகுத்தால் இரண்டுக்கும் 0.1தான். ஆனால் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல. வர்க்கமாக்கினால் முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 50. கூட்டத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்துவிடுகிறது.

சூத்திரத்தின் ஓட்டை கீழே இருக்கிறது. போட்டிப் பக்கம் குறையக் குறைய விடை வானத்துக்கு ஏறும். பூச்சியமானால் கணக்கே நின்றுவிடும். ஆங்கிலச் சொற்களுக்கு இது அபூர்வம். தமிழில் அடிக்கடி நேரும். எழுதியவர்கள் இல்லாததால் மட்டுமல்ல, எழுதியும் கண்ணுக்குத் தெரியாததால். இந்த வாரம் தொடர்காரரைப் பிடித்து ஆட்டியது இந்த இடம்தான். வாக்களித்த மற்றவை காத்திருக்கத்தான் வேண்டும்.

பாமினி எழுத்துருவை அறியாத யாழ்ப்பாணத்து அச்சகம் இல்லை. கல்யாணக் கார்ட், அந்தியேட்டி மலர், பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பல ஆண்டுகள் அதில்தான் நடந்தன. அதில் ‘தமிழ்’ என்று அடிக்க வேண்டிய விசைகள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரையில் அழகான தமிழ் வரும். கோப்புக்குள் இருப்பதோ அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு வெறும் வேஷம். பழைய பி.டி.எஃப். ஒன்றில் ஒரு வரியைப் பிரதி எடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்.

‘யாழ்ப்பாணம்’ இன்னும் பரிதாபம். ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இஸட், கே, அரைப்புள்ளி. பதினொரு விசை. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. தேடுபொறிக்கு அது நிறுத்தக்குறி, அதாவது சொல் முடிகிற இடம். ஆகவே யாழ்ப்பாணம் மூன்று துண்டாகிறது: ஏ-எச்-ஓ, ஜி, ஜி-எச்-இஸட்-கே. இந்த மூன்றையும் தேடி உலகத்தில் யார் வரப்போகிறார்கள்? யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவும் வந்துவிட்டது. ஆனாலும் கை பழகிய விசையை விட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கைப்பழக்கத்தின் வேரைத் தேடினால் சுண்டிக்குளிக்கே வந்து நிற்கவேண்டியிருக்கிறது. தமிழ்த் தட்டச்சு பழகியவர்களிடம் ‘ய ள ன க’ என்றால் இடது கை விரல்கள் தானாக மடங்கும். பாமினியிலும் ஏ, எஸ், டி, எஃப் விசைகளில் இருப்பவை அதே ய, ள, ன, க. பழைய தட்டச்சுப் பொறியின் நடுவரிசை அப்படியே கணினிக்குள் குடிவந்திருக்கிறது. அந்தப் பொறியின் தந்தை என்று சொல்லப்படும் ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளவயதில் மலாயாவுக்குப் போனவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்து, 247 எழுத்தையும் இதற்குள் எப்படி அடக்குவது என்று யோசித்து, ஜேர்மனியில் தமிழ்ப் பொறி செய்வித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். புள்ளி, விசிறி போன்ற குறிகளைத் தனி விசைகளாகப் பிரித்ததுதான் சூட்சுமம். அந்தத் தனிப் புள்ளி பிற்பாடு அரைப்புள்ளி விசையில் வந்து உட்கார்ந்து, கூகுளின் கண்ணில் யாழ்ப்பாணத்தை உடைக்கும் என்று அவர் எப்படிக் கண்டார்?

இதை விரித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தேடுசொல்லுக்குப் போட்டி குறைவு என்று கருவி காட்டினால், களம் காலி என்று அர்த்தமில்லை. ஓடுகிறவர்கள் இருட்டில் ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். பாமினியில் கிடக்கும் ஒரு தளத்தை அதன் சொந்தக்காரர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினால், திங்கட்கிழமை போட்டி தொடங்கிவிடும்.

யூனிகோடுக்கு மாறிவிட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடுமா? சென்னைக்காரர் டிக்கெட் என்று எழுதுவதை யாழ்ப்பாணத்தார் ரிக்கெட் என்பார், ரிக்கற் என்றும் எழுதுவார். அங்கே டொரண்டோ, இங்கே ரொறன்ரோ, ரொரன்ரோ, ரொறொன்ரோ. ஒரே ஊருக்கான தேடல் நான்கு சொற்களில் சிதறுகிறது. போட்டியும் அப்படியே. நான்கையும் கூட்டிப் பார்க்காமல் ஒன்றை மட்டும் சூத்திரத்தில் போட்டால் வருகிற விடை ஒரு காலை மட்டும் தராசில் வைத்து ஆளை நிறுத்ததுபோல இருக்கும்.

சென்ற வாரக் கணக்குக்கும் ஒரு பின்குறிப்பு. கூகுளின் கீவேர்ட் பிளானர் இயல்பாகத் தருவது 12 மாதச் சராசரி. நல்லூர்த் திருவிழா 25 நாள், பெரும்பாலும் ஓகஸ்டை ஒட்டி. அந்த 25 நாளுக்கென்றே அறை தேடுகிறவர்களைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பித் தடவினால் நல்லூரில் விடுதி நடத்துகிறவர் ஏமாந்துபோவார். அதே கருவியில் ‘போட்டி’ என்று ஒரு நிரல் உண்டு. குறைவு, நடுத்தரம், உயர்வு என்று சொல்லும். அது பக்கங்களின் போட்டியல்ல. அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பவர்களின் போட்டி. பனங்கட்டிக்கு அங்கே ‘குறைவு’ என்று வந்தால், யாரும் விளம்பரத்துக்குக் காசு கட்டவில்லை என்பது மட்டும்தான் செய்தி.

அப்படியானால் உண்மையான போட்டியை எங்கே பார்ப்பது? எத்தனை ஆயிரம் பக்கங்கள் என்பதில் இல்லை. முதற்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் யார், சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்களா, அவர்களை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதியிருக்கவேண்டும். முத்தையா வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பத்துப் பேரைத் தேடிப் பருத்தித்துறைக்குப் பயணம். ஆங்கிலத்தில் அது பொயின்ற் பீட்ரோ. பீட்ரோ என்று ஓர் ஆள் அங்கே இருந்ததில்லை; போர்த்துக்கேயர் ‘கற்களின் முனை’ என்று வைத்த பெயர் தேய்ந்து ஆளாகிவிட்டது. தமிழ்ப் பெயரில் தேடுகிறவருக்கும் பீட்ரோவைத் தேடுகிறவருக்கும் முதற்பக்கத்தில் வருகிற பத்தும் ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும்.

(தேடல் தொடரும்)