மழை ஓய்ந்தபின் வீட்டைப் பேணுதல்

ஐதராபாத் நகரின் வடபகுதியில், செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி லோத்குண்டா அமைந்துள்ளது. தெலுங்கில் ‘லோது’ என்பது ஆழத்தையும், ‘குண்ட’ என்பது குளத்தையும் குறிக்கும். ஊரின் பெயரே நீரை நினைவூட்டுகிறது. தக்காணப் பீடபூமியின் இப்பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கற்பாறை. மண் ஆழமின்றி இருக்கும் இடங்களில் மழைநீர் முழுவதும் நிலத்துள் இறங்குவதில்லை. பள்ளத்தை நாடி ஓடிச் சுவரோரங்களில் தேங்குகிறது.

ஐதராபாத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். இதில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் பெய்துவிடுகிறது. சில சமயங்களில் ஆண்டு மழையின் கால் பங்கோ அதற்கு மேலோ ஒரே நாளில் கொட்டுவதும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஏறத்தாழ 24 சென்டிமீட்டரும், 2020ஆம் ஆண்டு அக்டோபர் நடுவில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டரும் பெய்தன. இத்தகைய மழையைத் தாங்கிய வீட்டிற்கு அடுத்து வரும் குளிர்காலமே சிகிச்சைக் காலமாகும்.

பழுது பார்க்க உகந்த பருவம்

வீட்டு உரிமையாளர் பலர் மே மாத இறுதியில், மேகம் திரளக் கண்டபின் கொத்தனாரைத் தேடுகின்றனர். அதற்குள் ஓதத்தின் கறைகள் வெளிறிவிடுகின்றன. கசிவு எங்கிருந்து தொடங்கியது என்பது புலப்படுவதில்லை. பூசிய காரை நன்கு இறுகுமுன் மழையும் வந்துவிடுகிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலைமை வேறு. மழை விட்டுச்சென்ற தடங்கள் சுவரில் தெளிவாக இருக்கும். காற்று வறண்டிருப்பதால் ஈரம் வெளியேறும். கடும் வெயில் இன்மையால் புதிய சிமெண்டுப் பூச்சு விரைவில் காய்ந்து வெடிப்பதில்லை. குறைந்தது ஏழு நாட்கள் அதை நனைத்து வைப்பதும் எளிது. மேலும், குளிர்ந்த காலை வேளையில் தளம் சுருங்குவதால் வெடிப்புகள் சற்று அகன்று கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டின் வெப்பநிலை 14 பாகை மாறினால், 10 மீட்டர் நீளமுள்ள தளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளவோ சுருங்கவோ முயலும்.

தமிழகக் கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், அங்கு இப்பணியைப் பொங்கலுக்குப் பின் தொடங்குவதே பொருத்தம். மாதம் எதுவாயினும் விதி ஒன்றே: மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் முதற்பருவத்தைத் தவற விடலாகாது.

நீர் செய்யும் கேடு

செங்கல்லில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலவே அவற்றின் வழியாக நீர் மேலேறுகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். உலர்ந்த செங்கல் ஒன்றை நிறுத்து, ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்கவைத்து, மீண்டும் நிறுக்க வேண்டும். நல்ல செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை ஏற்கலாகாது என்பது பொது நியதி. அதாவது, 3 கிலோகிராம் எடையுள்ள கல் 600 கிராம் வரை ஏற்கலாம். ஈரம் உலரும்போது அதில் கரைந்திருந்த உப்பு சுவரில் வெண்மையாகப் பூத்து, பூச்சைப் பொரியச் செய்கிறது.

கான்கிரீட்டுத் தளத்தில் கேடு இன்னும் ஆழமானது. சிமெண்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பிகளைத் துருவினின்று காக்கிறது. வெடிப்பின் வழியே நீரும் காற்றும் புகுந்தால் காற்றிலுள்ள கரியமிலவாயு இக்காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. பின்னர்க் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது உண்டான இரும்பைவிட இரு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கொள்வதால், கம்பியைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளந்து உதிரச் செய்கிறது. மேற்கூரையைத் தட்டிப் பார்க்கையில் வெற்றொலி கேட்குமாயின் அவ்விடத்தில் பூச்சேனும் கான்கிரீட்டேனும் பற்று விட்டிருக்கக்கூடும் என அறிக.

செய்ய வேண்டுவன

பணியை மேலிருந்து கீழாகச் செய்தல் நலம். முதலில் மொட்டைமாடியிலுள்ள மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் அகற்றுக. 60 சதுர மீட்டர் தளத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால் அதன் எடை 3,000 கிலோகிராம். நலிந்த தளத்திற்கு இது சிறு சுமையன்று. தளத்தின் வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் குழாயை நோக்கி இருக்க வேண்டும்.

அடுத்து, தட்டோடுகளின் சந்துகளையும், தளமும் கைப்பிடிச்சுவரும் கூடும் மூலையையும் சோதிக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முளைத்துள்ள அரசு, ஆல் கன்றுகளை வெட்டுவது மட்டும் போதாது. வேரையும் நீக்கி, அந்த வெடிப்பை அடைக்க வேண்டும்.

சுவரில் வெடிப்பு இருப்பின் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரையால் ஒட்டி, தேதியைக் குறித்து வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் வளர்கிறது; வெறும் பூச்சு அதற்கு மருந்தாகாது. பொறியாளரை அழைக்க வேண்டும்.

இறுதியாக, சுவரோரம் குவிந்த மண்ணைக் கவனிக்க வேண்டும். அடித்தளத்தின்மேல் இடப்பட்டுள்ள ஓதத் தடுப்பு அடுக்குக்கு மேலாக மண் உயர்ந்தால், ஈரம் அவ்வடுக்கைச் சுற்றிக்கொண்டு சுவருள் நுழையும். மண்ணைத் தாழ்த்தி, நீர் வெளியே ஓடுமாறு சரிவு அமைத்தல் வேண்டும். வண்ணம் பூசுவது இவையனைத்தும் முடிந்து சுவர் நன்கு உலர்ந்தபின் செய்யத்தக்கது. ஈரத்தின்மேல் பூசிய வண்ணம் நோயை மறைக்குமேயன்றி நீக்காது.

சொத்தின் மதிப்பு

ஒரு வீட்டை மதிப்பிடுவோர் நிலத்தையும் கட்டிடத்தையும் தனித்தனியே கணக்கிடுவர். நிலம் தேய்வதில்லை, கட்டிடத்தின் மதிப்போ ஆண்டுதோறும் தேய்கிறது. அத்தேய்வைத் தணிக்கவல்லது பராமரிப்பே. குடும்பமொன்றின் வாழ்நாட் சேமிப்பு முழுதும் பெரும்பாலும் அதன் வீட்டிலேயே அடங்கியிருக்கிறது. குழாய் வாயைத் துப்புரவு செய்ய அரைநாள் உழைப்பு போதும். துருவேறிய தளத்தைப் பெயர்த்து மீண்டும் அமைக்கவோ பெரும்பொருள் வேண்டும்.

பொருளிழப்பைவிடப் பெரிது உயிர்ச்சேதம். பள்ளிக் கட்டிடங்களுக்கும் இவ்விதிகள் யாவும் பொருந்தும். மேற்கூரைப் பூச்சு தொங்கும் அறையில், அதனைச் சீர்செய்யும் வரை, மாணவரை அமர்த்தலாகாது. களப்பணியாளர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கட்டிடத்திற்கும் ஒரு குறிப்பேடு வைத்து, மழைக்காலத்தில் கசிவு தோன்றிய இடத்தையும் நாளையும் எழுதி வருவாராயின், குளிர்காலத்தில் கொத்தனார் தேடி அலைய வேண்டியிராது. எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அக்குறிப்பே காட்டிவிடும்.