462 கிலோமீட்டர் ஏமாற்றம்

பெங்களூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுஞ்சாலை என்பது வெறும் தார்ச்சாலை அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம் என்று நம் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். பொங்கல், தீபாவளி, தங்கையின் கல்யாணம், தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி, எதுவானாலும் அந்தச் சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டும். முன்பு அதற்கு ஏழாம் எண். இப்போது நாற்பத்து நான்கு. நெடுஞ்சாலையை வைத்து ஒரு திகில் படம் வருகிறது என்றால் மற்றவர்களைவிட நமக்கு ஆவல் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த ஆவலோடுதான் 2023 அக்டோபர் 6-ஆம் தேதி வெளியான 'தி ரோட்' படத்தைக் குடும்பத்தோடு பார்த்தேன். இயக்கம் அருண் வசீகரன். இசை சாம் சி.எஸ். கதாநாயகி திரிஷா. 'பொன்னியின் செல்வன்' படத்தின் குந்தவையாக அவர் பாராட்டுப் பெற்றிருந்த நேரம். எதிர்ப்பக்கம் நிற்பவர் 'சார்பட்டா பரம்பரை'யில் டான்சிங் ரோஸாக நம்மை அசத்திய ஷபீர். '462 கிலோமீட்டரில் பழிவாங்கல்' என்பதாக விளம்பரம் வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

படம் எப்படி என்று கேட்கிறீர்களா? தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. மதுரைப் பக்கம் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் கணவரையும் மகனையும் பறிகொடுக்கிறார் கதாநாயகி. அழுது ஓய்ந்த பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. அதே பகுதியில் ஏன் இத்தனை விபத்துகள்? அவர் பத்திரிகைக்காரர், துருவ ஆரம்பிக்கிறார். இன்னொரு பக்கம், பொய்ப் புகாரால் வேலையையும் மானத்தையும் இழக்கும் ஒரு கல்லூரி ஆசிரியரின் கதை ஓடுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று நாற்காலி நுனிக்கு வந்தோம்.

சந்தித்த இடத்தில்தான் படம் சரிந்தது. அவை விபத்துகளே அல்ல, திட்டமிட்ட கொலைகள் என்று விடை சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் நாம் நூறு முறை பார்த்த வில்லன், நூறு முறை பார்த்த சண்டை. சாலையைக் காணோம். மேடும் பள்ளமும் வளைவும், இரவு இரண்டு மணிக்கு எதிரே வரும் லாரியின் வெளிச்சமும், தேநீர்க் கடையும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவரும் கதைக்குத் தேவையில்லாமல் போய்விட்டார்கள். அதே கதையை ஒரு பங்களாவிலோ தொழிற்சாலையிலோ வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சாலையை நம்பிப் படமெடுத்தவர்கள் தோற்கவில்லை. 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 'டூயல்' என்று ஒரு படம் எடுத்தார். காரில் போகும் ஒரு விற்பனையாளரை டேங்கர் லாரி ஒன்று துரத்துகிறது. கதை அவ்வளவுதான். லாரி ஓட்டுகிறவனின் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. ஏன் துரத்துகிறான் என்ற விளக்கமும் இல்லை. அதனாலேயே இன்றும் பயமாக இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2019 தீபாவளிக்கு வந்த நம் 'கைதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும் போலீஸ் அதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓர் இரவு முழுக்க ஓட்டுகிறார் கார்த்தி. பாட்டும் இல்லை, கதாநாயகியும் இல்லை. லோகேஷ் கனகராஜ் அந்த லாரியையும் இருட்டையும் நம்பினார். அதே கார்த்தி 2010-இல் நடித்த 'பையா'வை மறக்க முடியுமா? நம் பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஒரு கார்ப் பயணம். கதை மெலிதுதான், ஆனாலும் பயணம் பயணமாக இருந்தது.

'தி ரோட்' மேல் எனக்கு வருத்தம் டிக்கெட் காசுக்காக அல்ல. அது எழுப்பிய கேள்வி நிஜமானது. ஒரே இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப விபத்து? நமக்குப் பழகிய தொப்பூர் கணவாயே அதற்குச் சாட்சி. தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கிப் போகையில் சாலை நெடுந்தூரம் சரிந்து இறங்குகிறது. டீசல் மிச்சமாகும் என்று சில லாரிக்காரர்கள் கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பதில்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல். மிதிக்க மிதிக்க அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. கீழே வளைவில் முன்னால் போகும் வண்டிகள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போயின. இதில் வில்லன் யாருமில்லை. சரிவும் அவசரமும் சிக்கனக் கணக்கும்தான்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இதற்கெல்லாம் ஒரு கொலைகாரக் கூட்டம் காரணமாக இருந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடலாம். திரையில் அப்படிப் பிடித்துக் கொடுக்கும்போது நம் மனமும் லேசாகிவிடுகிறது. 'கெட்டவன் செய்தான்' என்று எழுந்து வந்துவிடுகிறோம். அன்றிரவே நம் வீட்டுப் பையன் அலுவலகம் முடிந்து, சாப்பிடாமல், தூங்காமல், காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்புகிறான்.

ஆகையால் அன்பர்களே, படம் சொல்லாமல் விட்டதை நாமாவது நம் வீட்டில் சொல்வோம். வேலை முடிந்த களைப்போடு இரவில் வண்டியை எடுக்க வேண்டாம்; விடிந்ததும் கிளம்பலாம். இறக்கத்தில் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். பின் இருக்கைக்காரர்களும் பெல்ட் போட வேண்டும். ஓரமாக நிற்கும் லாரி நிற்கிறதா ஓடுகிறதா என்று இருட்டில் தெரியாது. தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்கட்டும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குகிறவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தில் வசிக்கும் நமக்கும் அது பொருந்தும். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரண்டு எண்களையும் காரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

'தி ரோட்' படத்தைத் திரிஷாவுக்காக ஒரு முறை வீட்டிலேயே பார்க்கலாம். முதல் பாதியைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் அடுத்த ஊர்ப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது.