விசைப்படகில் ரேடியோவும் ஏரியலும்

கரையை விட்டு அகன்ற படகுக்கும் நிலத்திலுள்ள மக்களுக்கும் இடையே உள்ள தொடர்பு மிக மெல்லியது. இயந்திரம் நின்றுவிடினும், படகில் நீர் புகினும், உடன் வந்தோர் நோயுறினும், அச்செய்தி பிறர் செவிக்கு எட்டினாலன்றி உதவி கிட்டாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி குமரிமுனைக்கு அருகே ஒக்கிப் புயல் வலுப்பெற்றபொழுது, கேரளத்தையும் தமிழ்நாட்டின் தென்கோடியையும் சேர்ந்த மீனவர் பலர் அதற்கு முன்னரே நெடுந்தொலைவு சென்றுவிட்டிருந்தனர். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. கடலில் செய்தித் தொடர்பு ஒரு வசதியன்று, உயிர்காக்கும் சாதனம் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்திற்று.

சிறு விசைப்படகுகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது, 'வி.எச்.எப்.' எனப்படும் மிக உயர் அதிர்வெண் கடல் ரேடியோவாகும். இதனை வாங்குதல் எளிது. கடலின் உப்பும் ஈரமும் அதிர்வும் கெடுக்காவண்ணம் பொருத்துவதே கடினம். ரேடியோப் பெட்டியில் விளக்கு எரிந்தும் குரல் வெளியே செல்லாத படகுகள் உண்டு. குறை அநேகமாகப் பெட்டியில் இராது. ஏரியலிலோ, கேபிளிலோ, மின்கம்பியிலோ இருக்கும்.

அலையும் அடிவானமும்

கடல் வி.எச்.எப். ரேடியோ 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளைப் பயன்படுத்துகிறது. ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரிய 16ஆம் சானலின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். இத்தகைய அலைகள் ஒளியைப் போன்று பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவுக்கு அப்பால் மறைந்துள்ள படகை அவை சாதாரணமாக எட்டுவதில்லை.

காற்று மண்டலம் அவற்றைச் சிறிது வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடச் சற்று அதிகத் தொலைவு செல்கின்றன. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 4.12ஆல் பெருக்கினால், ரேடியோ அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஏரியல் நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருப்பின், தொலைவு 8.2 கிலோமீட்டர். அதே உயரமுள்ள ஏரியலைக் கொண்ட மற்றொரு படகுடன் பேசுவதற்கு இரண்டு தொலைவுகளையும் கூட்டவேண்டும். விடை சுமார் 16 கிலோமீட்டர். கரையிலுள்ள நிலையத்தின் ஏரியல் 100 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் பங்கு மட்டும் 41 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஆகின்றது.

பள்ளி மாணவரும் செய்யத்தக்க இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். நிலையாகப் பொருத்தப்படும் ரேடியோவின் உச்ச ஆற்றல் 25 வாட். அதனை இன்னும் பெருக்கினாலும் அடிவானம் விலகிப்போவதில்லை. ஏரியலை உயர்த்தினாலோ அடிவானம் உண்மையாகவே விலகுகிறது. எனவே வேலையைத் தொடங்குவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பெட்டியை எங்கே வைப்பது என்பதன்று. ஏரியலை எவ்வளவு உயரத்தில் நிறுத்த இயலும் என்பதே.

ஏரியலைத் தேர்ந்தெடுத்தல்

அறையுள்ள சிறு விசைப்படகுக்குச் சுமார் 2.4 மீட்டர் நீளமுள்ள, நாரிழைக் குழாயுள் அமைந்த ஏரியல் வழக்கமாகப் பொருந்தும். இவற்றின் ஆதாயம் டெசிபலில் குறிக்கப்படுகிறது. ஆதாயம் மிகுந்த ஏரியல் புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் வீணாகும் அலைகளை அடிவானத்தை நோக்கித் திரட்டி அனுப்புகிறது. படகு அலையில் சாயும்பொழுது, குறுகிய அக்கற்றை ஒருகணம் வானையும் மறுகணம் நீரையும் நோக்கும். எதிர்முனையில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஆகையால் மிகுதியாக ஆடும் சிறு படகுக்கு 3 டெசிபல், ஓரளவு நிலைத்து நிற்கும் படகுக்கு 6 டெசிபல் என்பது பொதுவான வழக்கு. 9 டெசிபல் ஏரியல் பெரிய படகுகளுக்கே ஏற்றது.

ஏரியலின் தாங்கியை அறையின் கூரைமீதோ உறுதியான கைப்பிடிக் கம்பியின்மீதோ பொருத்தலாம். மெல்லிய பைபர் தளமாயின், அதன் உட்புறத்தில் அகன்ற மரப் பலகையையோ உலோகத் தகட்டையோ வைத்து, துருப்பிடியா எஃகுத் திருகாணிகளால் முடுக்கவேண்டும். நீண்ட ஏரியல் நெம்புகோலைப் போன்று தாங்கியை இழுப்பதால், வெறும் மரத் திருகுகள் சில நாட்களில் தளர்ந்துவிடும். உலோகக் கம்பங்களிலிருந்தும் பிற ஏரியல்களிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் விலகியிருத்தல் நன்று. பேசும்பொழுது மனிதர் அதனைத் தொட்டுக்கொண்டோ மிக அருகிலோ நிற்கலாகாது.

கேபிளும் இணைப்பும்

பெட்டியையும் ஏரியலையும் இணைப்பது, நடுக்கம்பியும் அதனைச் சூழ்ந்த பின்னலும் உடைய ஓரச்சுக் கேபிள். இதில் செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. சுமார் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆர்.ஜி. 58 வகைக் கேபிளில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல் இழப்பு ஏற்படும். 25 வாட்டில் 16 வாட்டே ஏரியலை அடையும். சுமார் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆர்.ஜி. 213 வகையில் அதே நீளத்துக்கு 20 வாட் சென்றடையும். ஆகவே கேபிள் குட்டையாயின் மெல்லியது போதும். நீளமாயின் தடித்ததையே பயன்படுத்தவேண்டும். கேபிளைக் கூர்மையாக மடக்குவதும், திருகாணிக்கு அடியில் நசுக்குவதும் கூடா.

பிளக்கைக் கேபிளின் முனையில் பற்றவைக்கும் இடத்திலேயே பெரும்பாலான குறைகள் பிறக்கின்றன. பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஏரியல் பயனற்றதாகும். பற்றாசு நன்கு உருகி ஓடாவிடின், இணைப்பு தொடக்கத்தில் வேலை செய்து, படகின் அதிர்வில் பின்னர் விட்டுப்போகும். வேலை முடிந்ததும், ஏரியலோடு இணைக்காத கேபிளை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்கவேண்டும்: நடுக்கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்திருத்தல் வேண்டும், பின்னலைத் தொடுதல் கூடாது. ஏரியலோடு சேர்த்துச் சோதித்தால் ஏமாற நேரிடும். சில ஏரியல்களின் அமைப்பிலேயே நடுக்கம்பியும் பின்னலும் ஒரு சுருளால் இணைந்திருக்கும், அது குறையன்று.

வெளியே உள்ள இணைப்புகள்மீது, தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றவேண்டும். கேபிள் அறைக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழிந்துவரும் நீர் உட்புகாமல் அங்கேயே சொட்டிவிடும். பின்னலுக்குள் உப்புநீர் ஏறிய கேபிளைத் திருத்த இயலாது, மாற்றவே வேண்டும்.

மின்சாரம் வழங்குதல்

ரேடியோ கேட்கும் நிலையில் அரை ஆம்பியர் அளவே கொள்ளும். 25 வாட்டில் பேசும்பொழுது 5 முதல் 6 ஆம்பியர் வரை கொள்ளும். பாட்டரி 5 மீட்டர் தொலைவில் இருப்பின், போக வர 10 மீட்டர் கம்பி ஆகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியில், 6 ஆம்பியர் ஓடும்பொழுது சுமார் 0.44 வோல்ட் குறையும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.28 வோல்ட் மட்டுமே குறையும். 12 வோல்ட் அமைப்பில் 3 சதவீதத்துக்கு, அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் குறையலாகாது என்பது நல்ல விதி. எனவே தடித்த கம்பியே தக்கது. ஈயம் பூசிய செப்பாயின் கடற்காற்றில் நெடுநாள் உழைக்கும்.

கம்பியை வேறு விளக்குகளோடு சேர்க்காமல், பியூஸ் வழியாக நேரே பாட்டரிக்குக் கொண்டுசெல்வது நலம். பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். பெட்டியருகே இருப்பின், இடையில் கம்பி உராய்ந்து தீப்பற்றுவதை அது தடுக்காது. படகில் நீர் புகும்பொழுது முதலில் மூழ்குவது அடித்தளமாகையால், பாட்டரியை இயன்ற அளவு உயரத்தில் வைத்தல் வேண்டும். இயந்திரம் நின்றபின், நல்ல பாட்டரியிலிருந்து 30 ஆம்பியர்-மணி பெற முடியுமாயின், பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினாலும் ரேடியோ ஏறக்குறைய 30 மணி நேரம் இயங்கும்.

பெட்டிக்குரிய இடம்

சுக்கானைப் பிடித்தவாறே எட்டக்கூடிய, நீர்த்திவலை படாத இடமே தக்கது. ஒலிபெருக்கியிலுள்ள காந்தம் திசைகாட்டியைத் திருப்பிவிடக்கூடும். பெட்டியைக் கையில் பிடித்து மெல்ல நகர்த்தி, திசைகாட்டி சற்றும் அசையாத இடத்தைக் கண்டபின்னரே துளையிடவேண்டும். மைக்கின் பொத்தான் எதன்மீதும் அழுந்தாவண்ணம் கொக்கி அமைத்தலும் முக்கியம். அப்பொத்தான் சிக்கிக்கொண்டால், அப்படகு எதையும் கேளாது. அருகிலுள்ள படகுகளின் ஆபத்து அழைப்பையும் அடக்கிவிடும்.

சோதனையும் பதிவும்

ஏரியலை இணைக்காமல் ஒருபோதும் பேசும் பொத்தானை அழுத்தலாகாது. உள்ளே உள்ள உறுப்புகள் கெடக்கூடும். இணைத்தபின், நிலையலை விகிதம் காட்டும் மீட்டரை இடையில் வைத்துப் பார்க்கவேண்டும். விகிதம் 1.5க்குக் கீழிருப்பின் நன்று; அப்பொழுது திரும்பிவரும் ஆற்றல் 4 சதவீதமே. 3 ஆக இருப்பின் கால் பங்கு திரும்பிவருகிறது. இணைப்புகளை மீண்டும் பார்க்கவேண்டும். பேச்சுச் சோதனையை 16ஆம் சானலில் நடத்தாமல், வேறு தக்க சானலில் நடத்துதல் முறை.

இக்காலத்து ரேடியோக்களில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதனைச் சில வினாடிகள் அழுத்தினால், 70ஆம் சானலில் எண்வடிவ ஆபத்துச் செய்தி தானே செல்லும். ஆனால் அதற்குமுன் படகுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பெற்றுப் பெட்டியில் பதிந்திருத்தல் வேண்டும். இந்தியப் படகுகளின் எண்கள் 419 என்று தொடங்குவன. இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியையும் இணைத்திருந்தாலன்றிப் படகு இருக்கும் இடம் செய்தியில் சேராது. எண் பதியாத சிவப்புப் பொத்தானை நம்பிக் கடலுக்குச் செல்வது பேராபத்து. ரேடியோவை இயக்குவதற்கு உரிய அரசு உரிமம் பெறுதலும் இன்றியமையாதது.

குரலால் உதவி கோருவோர், 'மேடே' என்று மும்முறை கூறி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, படகிலுள்ளோர் தொகை ஆகியவற்றை இவ்வரிசையில் நிதானமாகச் சொல்லவேண்டும். இவ்வாசகத்தைத் தாய்மொழியில் எழுதிப் பெட்டியருகே ஒட்டிவைத்தால், பதற்றத்திலும் நா தடுமாறாது. படகில் உள்ள அனைவரும், சமையல் செய்யும் சிறுவர் உட்பட, அதனைப் பழகியிருத்தல் வேண்டும். தலைவனே கடலில் விழுந்துவிட்டால் பேசவேண்டியவர் மற்றவரன்றோ?

எல்லையை அறிதல்

எவ்வளவு செம்மையாகப் பொருத்தினும், வி.எச்.எப். ரேடியோ அடிவானத்துக்குக் கட்டுப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் படகுக்கு அது மட்டும் போதாது; அருகிலுள்ள படகுகளோடு பேசுவதற்கே அங்கு உதவும். அத்தகைய படகுகளுக்காக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த, செயற்கைக்கோள் வழி ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி 2010ஆம் ஆண்டு முதல் பயனில் உள்ளது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்ற மறுமொழியையும் படகுக்குத் தெரிவிக்கும். கடலில் மீட்புப் பணியை ஒருங்கிணைப்பது இந்தியக் கடலோரக் காவற்படை. கரையிலுள்ள உறவினர் 1554 என்ற தொலைபேசி எண்ணில் அதனோடு தொடர்புகொள்ளலாம்.

துறைமுகங்களுக்குச் செல்லும் களப்பணியாளர்கள், படகில் ரேடியோ உண்டா என்று கேட்பதோடு அமையாது, ஏரியலின் உயரத்தையும், பிளக்கின் நிலையையும், பதிந்த எண்ணையும் பார்த்தல் வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றிப் பச்சைக் களிம்பு ஏறியுள்ளதா என்று நோக்குவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அக்களிம்பைக் கரையில் கண்டால் மாற்றிவிடலாம். கடலில் கண்டால் மாற்ற வழியில்லை.