எக்டரும் பாண்டியானாவும்

வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்குப் பாண்டியானா என்று பெயர். 1881ஆம் ஆண்டில் மூர் என்னும் ஆங்கில அறிஞர் இட்டது அப்பெயர். நம் பாண்டி நாட்டை அது நினைவூட்டினும், வைகைக் கரையில் அதனைத் தேடுவார் ஏமாற்றமே அடைவர். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழ்வது. அதன் நெருங்கிய உறவாகிய ஜோபன் இலங்கைத் தீவிற்கே உரியது. அங்கும் சிங்கராஜ வனம் போன்ற ஈரக்காடுகளே அதன் இருப்பிடம். இவ்விரண்டனையும் ஒரே இனத்தின் பிரிவுகளெனக் கொண்டாரும் உளர். பின்சிறகில் விரிந்து கிடக்கும் வெண்பரப்பே இவற்றின் அடையாளம்.

அங்ஙனமாயின், அழகர்மலைச் சரிவிலும் நாகமலை அடிவாரத்திலும் கறுப்புஞ் சிவப்புமாய்ப் பறப்பது யாது? அது பெரும்பாலும் எக்டர். முன்சிறகில் இரண்டு வெண்பட்டைகளும், பின்சிறகில் செம்புள்ளி வரிசைகளும், குங்கும நிறமான தலையும் வயிறும் உடையது. முன்சிறகு வெறுங்கறுப்பாய், பின்சிறகின் நடுவே சிறு வெண்டிட்டிருப்பின் அஃது அரிஸ்டலோக்கியே எனப்படும் மற்றொன்று. எக்டர் இலங்கையிலும் உண்டு. கூட்டங்கூட்டமாக வலசை போவது. இடைக்கடலையும் கடக்க வல்லது.

ஈண்டு ஒரு வஞ்சகம் உளது. பாலிட்டீஸ் என்னும் இனத்தின் பெண் மூவகைப்படும். ஒன்று தன் ஆணைப் போன்றது. ஒன்று அரிஸ்டலோக்கியேயைப் போன்றது. பிறிதொன்று எக்டரைப் போன்றது. இவை ஓரினத்தனவே என்பதை 1865இல் வாலேஸ் விளக்கினார். சிறகை நோக்குவார் மயங்குவர். உடலை நோக்குவார் மயங்கார். போலியின் உடல் கறுப்பு, அதிற் சிவப்பில்லை. 1758இல் இவ்விரண்டிற்கும் பெயரிட்ட லின்னேயுஸ், திராய் நகரத்துப் பிரியாம் மன்னன் மைந்தர் இருவர் பெயரையே சூட்டியது வியப்பன்றோ!

இவ்வேடம் எதற்கு? எக்டரின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி முதலியவற்றின் இலை. ஆடும் தீண்டாத அக்கைப்பு நஞ்சு புழுவின் உடலில் தங்கிச் சிறகு முளைத்த பின்னும் நீங்குவதில்லை. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அணுகாது. எலுமிச்சை, கறிவேப்பிலை தின்று வளரும் பாலிட்டீஸுக்கு அந்நஞ்சில்லை, உருவமே காப்பு. நஞ்சுடையது மிக்கிருக்குமளவே அக்காப்பும் நிற்கும். ஆடுதீண்டாப்பாளையோ கரிசற் புலங்களிலும் தரிசிலும் தரையோடு படர்வது. உழவர் களையென்று பிடுங்குவர், மனையிடுவோர் மண்ணிட்டு மூடுவர். அது போன இடத்தில் எக்டர் முட்டையிடாது.

மழைக்குப் பின் அக்கொடியின் இலையடியைப் புரட்டிப் பார்க்க. செம்முனைகள் எழுந்த கருஞ்சிவப்புப் புழுக்கள் காணப்படும். உடல் நடுவே வெள்ளை வளையம் இருப்பின் அஃது எக்டர் அன்று, அரிஸ்டலோக்கியே.