செலவு வரம்பு ஏஐக்கு எப்படித் தெரிகிறது?

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்குகிறது ஜோஹோ அலுவலகம். இணையவழி வாடகைக் கணினிகளுக்கான (கிளவுட்) செலவைக் கண்காணிக்கும் ‘கிளவுட்ஸ்பெண்ட்’ அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான்.

சரி, “இந்த மாதம் கிளவுட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?” என்று ஏஐ உதவியாளரைக் கேட்கிறீர்கள். அதற்கு எப்படித் தெரியும்? பயிற்சியில் அது படித்ததெல்லாம் பழைய கதை. உங்கள் நிறுவனத்தின் செலவு வரம்பு விதி அதில் இல்லவே இல்லை.

குற்றாலத்தில் இன்று குளிக்கலாமா என்பதைப் போன வாரம் குளித்தவரா சொல்வார்? அருவிக்கரைக் காவலரைத்தானே கேட்க வேண்டும்! இங்கே அந்தக் காவலர்தான் ஏபிஐ: கிளவுட்ஸ்பெண்டிடம் ஏஐ நேரடியாகக் கேட்டுப் பதில் பெறும் வழி.

ஏஐ, அந்த வரம்பு விதியின் அடையாள எண்ணையும் அனுமதிச் சாவியையும் அனுப்பும். சாவி பொருந்தினால் வரம்புத் தொகை, யாருக்கு எச்சரிக்கை போகும் என்பதெல்லாம் பெயரிட்ட வரிகளாகத் திரும்பி வரும். அதைத்தான் உங்களுக்குப் பேச்சாக மாற்றிச் சொல்கிறது.

படிக்க மட்டும் அனுமதிக்கும் சாவி என்றால், நீங்களே கெஞ்சினாலும் ஏஐயால் வரம்பை உயர்த்த முடியாது. நல்லதுதான்!