மே 1-ஆ, மே 3-ஆ?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊரில் இளங்கலை படித்த நாளில், ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்தேன். எனக்கு வந்த விடை 1003 செ.மீ.; புத்தகத்தில் இருந்ததோ 980. குறிப்பேட்டில் ஊசலாடிய நேரத்தைச் சற்றே திருத்தினேன், 979 வந்துவிட்டது! ஆசிரியரும் மெச்சினார். இந்தக் கலை மிகப் பழையது என்பதை இங்கு வந்த பிறகே படித்தறிந்தேன்.

இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி 731-இல் தம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்தார். கிறிஸ்து பிறந்த ஆண்டிலிருந்து எண்ணும் முறையை வரலாற்று நூல்களில் வேரூன்றச் செய்தவர் அவரே. 664-ஆம் ஆண்டு மே 3-இல் சூரிய கிரகணம் நிகழ்ந்தது என்கிறார் அவர். உண்மையில் அது மே 1. இன்றைய வானியல் கணக்கும் அதையே சொல்கிறது; அயர்லாந்துத் துறவிகளின் ஆண்டுக் குறிப்பிலும் மே முதல் நாள் இருள் சூழ்ந்தது என்றே இருக்கிறது.

இரண்டு நாள் எங்கிருந்து வந்தது? சூரிய கிரகணம் அமாவாசையன்றி நிகழாது. ஈஸ்டர் நாளைக் குறிக்க ரோமாபுரிச் சபையார் கைக்கொண்ட வாய்பாட்டில் அந்த அமாவாசை மே 3-இல் விழுந்தது! 19 ஆண்டுகளுக்கு 235 சாந்திர மாதங்கள் என்பது அதன் அடிப்படை. அருமையான கணக்குத்தான், ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை மணி நேரம் பிசகும். முந்நூறு ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். கண்ணால் கண்ட நாளை வாய்பாட்டுக்கு இணங்க மாற்றிவிட்டார்கள் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து.

ஏன் இந்தப் பிடிவாதம்? அக்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியை ஆண்ட ஆஸ்வியு மன்னன் ஒரு முறைப்படி ஈஸ்டர் விருந்துண்ண, வேறு முறையைப் பின்பற்றிய அரசி இன்னும் நோன்பிருந்தாளாம்! (நம் விடுதியில் இரண்டு புத்தாண்டு வருவது போலத்தான்.) இந்த வழக்கு விட்பி என்னும் ஊரில் பேசப்பட்டதும் அதே 664-இல்தான். ரோமாபுரி முறையே வென்றது. வென்ற வாய்பாட்டை வானமே பொய்யாக்கியது என்று யார் எழுதுவார்?

பீட் விவரம் அறியாதவர் அல்லர். நிலவு சில வேளை கணக்கைவிட முதிர்ந்து தோன்றுவது ஏன் என்று, தமது 725-ஆம் ஆண்டுக் காலக்கணித நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். ஆனால் வாய்பாட்டைக் கைவிடவில்லை.

அயர்லாந்துத் துறவிகள் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்ததால் பீட் தந்த நாளை இன்று திருத்த முடிகிறது. என் குறிப்பேட்டுக்கு அந்த வசதி இல்லை; அசல் அளவை அன்றே ரப்பரால் அழித்துவிட்டேன்.