பாக்கத்தில் முடியும் ஊர்

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றரை மாதம் தங்கியிருந்தார் அந்த அம்மா. பிஜித் தீவுகளின் லவுத்தோக்கா அவருடைய ஊர். கணவருக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். சிங்கப்பூர் வழியாக வைத்தியத்துக்கு வந்திருந்தார்கள். வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருடைய கைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள், நான்காக மடித்து இருந்தது.

அவருடைய தாத்தா கப்பல் ஏறியபோது எழுதப்பட்ட குடிபெயர்வுச் சீட்டின் நகல் அது. மூலம் பிஜியின் தலைநகர் சுவாவில், ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம். அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. ஜில்லா, செங்கல்பட்டு. கிராமம் என்ற கட்டத்தில்தான் சிக்கல். எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். முன்பாதியில் மை பரவிவிட்டது. பின்பாதியில் ‘பாக்கம்’ மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

“இது எந்த ஊர்?” என்று கேட்டார்.

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம். எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் இத்தனை பாக்கங்கள். செங்கல்பட்டு ஜில்லா முழுக்க எண்ணினால் எத்தனை இருக்குமோ!

1879 மே 14 அன்று ‘லியோனிதாஸ்’ என்ற கப்பல் 463 பேருடன் பிஜியைச் சேர்ந்தது. அந்தத் தாத்தா போனது ஒப்பந்தக் கூலி முறையில்; அதன் முதல் கப்பல் அது. 1916 வரை சுமார் 60,000 பேர் அப்படிப் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் கூலிகளின் வாயில் ‘கிர்மித்’ ஆயிற்று. ஆணுக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. லைன் வீட்டில் பத்தடிக்கு ஏழடி அறை. அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். அந்தக் கரும்புத் தோட்டங்களில் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் பாரதியார் மனம் வெதும்பிப் பாடினார்.

முதல் இருபத்து நான்கு வருடங்கள் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே போயின. சென்னையிலிருந்து ஆள் அனுப்பத் தொடங்கியது 1903-இல். மொத்தத்தில் கால் பங்கு, ஏறக்குறைய 15,000 பேர், நம் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். இவர்கள் போய் இறங்குவதற்கு முன்பே தோட்டத்தின் பேச்சு இந்துஸ்தானியாக நிலைத்துவிட்டது. கங்காணிகளான சர்தார்கள் அதில்தான் வேலை ஏவினார்கள். வந்தவர்களுக்குள்ளும் தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று பேச்சு வேறு வேறு. மூன்று தலைமுறைக்குள் வீட்டுப் பேச்சே ‘பிஜி இந்தி’யாக மாறிவிட்டது.

அதனால் எங்கள் பகுதியில் அந்த அம்மா ஒரு கேள்வியைத் தினமும் எதிர்கொண்டார். பால் வாங்கப் போனாலும், ஆட்டோ ஏறினாலும் அதே கேள்விதான். “தமிழ்க்காரங்கன்னு சொல்றீங்க, தமிழ் வராதா?” கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பிஜியில் வடநாட்டார் நடுவே ‘மத்ராசி’ என்று ஒதுக்கிப் பேசப்பட்ட குடும்பம். இங்கே வந்தால் தமிழர் இல்லை என்கிறோம். நாம் அவரைக் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

சுவாவின் ஹவல் ரோடு மாரியம்மன் கோயிலில் வருடாவருடம் தீமிதி நடக்கிறது. பத்து நாள் விரதம், மஞ்சள் துணி, கரகம், அப்புறம் நெருப்பு. அதே நாட்டில், பெங்கா என்னும் சிறு தீவில், பூர்வகுடியான சவாவு இனத்தார் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் நடக்கிறார்கள். இரண்டு மக்கள், இரண்டு தீமிதி. இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் குரலில் தெரிந்த பெருமையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நாடி நகரில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பிகள் போய்க் கட்டி, 1994-இல் குடமுழுக்கு நடந்த கோயில்.

அதே நாடியில் 1926-இல், ஒப்பந்தக் கூலியாக வந்த சாது குப்புசாமி தொடங்கியது தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம். இன்று அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளும், லம்பாசாவில் ஒரு நர்சிங் கல்லூரியும் உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் சங்க மாநாடு கூடும். அதில் கால்பந்துப் போட்டிதான் பெரிய ஈர்ப்பு. “எங்கள் கல்யாணப் பேச்சு பாதி அந்த மைதானத்தில்தான் முடியும்” என்றார்.

அவர் சமைப்பதை ஒரு நாள் பார்த்தேன். கேம்ப் ரோட்டில் வாங்கிவந்த சேப்பங்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிஜியில் ‘தாலோ’ என்று வரும் கிழங்கு ஒன்றே ஒரு வேளைக்குப் போதுமாம். அதன் இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். இலை இங்கே கிடைக்கவில்லை என்று கடைசிவரை குறைப்பட்டார். அங்கே வீட்டுச் சாப்பாடு என்றால் புட்டியில் அடைத்த கறிவேப்பிலைப் பொடி, டின் மீன் குழம்பு, அதோடு ரொட்டி. இந்த டின்னும், மாவும், சர்க்கரை போட்ட பானமும்தான் தன் வீட்டுக்காரர் காலைத் தின்கின்றன என்று அவரே சொன்னார். சர்க்கரை நோயால் கால் எடுப்பது பிஜியில் அத்தனை சாதாரணம்.

ஆனால் அவர் அதிகம் பேசியது நிலத்தைப் பற்றி. முதல் ஆளுநராகப் பெயர் பெற்ற ஆர்தர் கோர்டன், பூர்வகுடிகளின் நிலம் வெள்ளையர் கைக்குப் போகாமல் தடுத்தார். அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் விடவில்லை. அந்த வேலைக்குத்தான் இந்தியாவிலிருந்து ஆள் வந்தது. இன்றும் நாட்டின் நிலத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு பூர்வகுடிகளுடையது. விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். அவர்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொண்டதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஏரிகளும் மேய்ச்சல் நிலங்களும் மனைகளானதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாம். ஆனாலும் மூன்று தலைமுறை கரும்பு போட்ட மண்ணில், முப்பது வருடக் குத்தகை 1997-க்குப் பிறகு ஒவ்வொன்றாக முடிந்தபோது, வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றியவர்களின் வலியும் நிஜம். அந்த அம்மாவின் அப்பா அப்படிக் கிளம்பியவர்தான். பலகைகளை எண்ணி எண்ணி ஏற்றினாராம்.

1987 மே 14 அன்று ராணுவப் புரட்சி. முதல் கப்பல் வந்த அதே தேதி. 2000-இல் இன்னொன்று, அப்போது பிரதமராக இருந்தவர் மகேந்திர சவுத்ரி, இந்திய வம்சாவளியில் முதலாமவர். 1986-இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்த இந்தியர்கள் 2007-இல் சுமார் 37 விழுக்காடு. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று மறுபடி கப்பலேற்றம், இம்முறை விமானத்தில். 1987-இல் புரட்சி நடத்திய ரபூக்கா 2022 இறுதியில் பிரதமரானார். 2023 மே மாதம் கிர்மித் நாளைப் பொதுவிடுமுறையாக்கி, இந்தியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். “தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன்” என்றார் அந்த அம்மா. “மன்னித்தீர்களா?” என்று கேட்டேன். “என் அண்ணன் சிட்னியில் செத்துப்போனான்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கிய கதையை நான் சொன்னேன். அடுத்து வந்த பிப்ரவரி 20-இல் வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கி 44 பேர் இறந்த கதையை அவர் சொன்னார். ராக்கிராக்கியில் இருந்த பெனாங் சர்க்கரை ஆலை அந்தப் புயலுக்குப் பிறகு திறக்கவே இல்லை. கூரைத் தகரம் பறந்த சத்தத்தை அவர் வாயால் செய்துகாட்டினார். எங்கள் பாட்டி முடிச்சூர் வெள்ளத்தில் மாடியில் நின்ற இரவைச் சொன்னார். இருவருக்கும் நடுவே நான் மொழிபெயர்த்தேன். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை.

கணவரின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஒரு விரல் மட்டும் போனது. ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கையில், செங்கல்பட்டு வரை ஒரு தடவை போய்வரலாம் என்றார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பெருங்களத்தூர். வண்டலூர். அடுத்த நிலையம் வந்தபோது உறைக்குள்ளிருந்து தாளை எடுத்து, பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரப்பாக்கம். வண்டி புறப்பட்ட பிறகும் விரல் அந்த மை பரவிய இடத்திலேயே இருந்தது.